கேட்காத கறை

அண்ணன் வீட்டு மூட்டை என்றால் பார்த்ததுமே தெரிந்துவிடும். பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, எல்லாவற்றுக்கும் மேலே இரட்டை முடிச்சு. விரலால் அவிழ்க்கிற கதையே இல்லை, கத்தரிக்கோல்தான். அன்றைக்கும் கறைக்காரி முடிச்சை வெட்டினாள். முதலில் மூக்கில் ஏறியது ரோஜா வாசனை. மூட்டைக்குள்ளேயே ஸ்பிரேயை அடித்து அனுப்புகிறவன் அவள் அண்ணன். அந்த ரோஜா நாலு மூச்சுக்குக்கூடத் தாங்கவில்லை, அடியிலிருந்து மற்றது எழுந்து வந்தது. துருப்பிடித்த இரும்பும், மூடி வைத்து மறந்துபோன இறைச்சியும் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம். ரோஜா கலந்திருந்ததால் இன்னும் அதிகமாகக் குமட்டியது. அவள் படுக்கை விரிப்பை மேஜைமேல் உதறிப் போட்டுவிட்டு வாயால் மூச்சு விட ஆரம்பித்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

கறைக்காரி என்பது லாண்டரிக் கடையில் வைத்த பெயர். துவைக்கிறவர்களும் இஸ்திரி போடுகிறவர்களும் முன்பக்கம் இருந்தார்கள். அவளுக்குப் பின்பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரு குழாய், வரிசையாகப் பாட்டில்கள், சின்னதும் பெரியதுமாகப் பிரஷ்கள். ரத்தம், மை, துரு, வாந்தி என்று எதுவானாலும் மற்றவர்கள் கைவிட்ட பிறகு அவள் மேஜைக்குத்தான் வரும். ஊரார் அசிங்கத்தில் கையை விட்டுப் பிழைக்கிறோம் என்பதில் அவளுக்குப் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. அருவருப்பு மட்டும் இத்தனை வருஷத்தில் விட்டபாடில்லை. வீட்டுக்குப் போனால் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் தண்ணீர்கூடக் குடிப்பாள்.

கடையில் ஒரு விதி இருந்தது. "என்ன கறைன்னு கையால கண்டுபுடி. வந்தவங்க வாயக் கிண்டாத. வெக்கப்பட்டுப் போனவன் திரும்ப நம்ம கடைக்கு வரமாட்டான்." முதலாளியின் தொழில் ரகசியம் மொத்தமும் அவ்வளவுதான். காலரில் உதட்டுச்சாயத்தோடு சட்டையைக் கொடுத்து "ஜூஸ் கொட்டிடுச்சு" என்பார்கள். மெத்தை உறையை நீட்டி "குழந்த பண்ணிடுச்சு" என்று கூரையைப் பார்ப்பார்கள், வீட்டில் குழந்தையே இருக்காது. அவளும் "சரிங்க, போயிடும்" என்பாள். கேட்காமல் இருந்து இருந்து, கேட்கலாம் என்கிற நினைப்பே அவளுக்கு அற்றுப்போயிருந்தது.

அண்ணன் வீட்டு விரிப்புகளையும் அவள் அப்படித்தான் கேட்காமலே வெளுத்துக்கொண்டிருந்தாள். மழை பிடிப்பதற்கு முன்னால் தொடங்கியது அது, இப்போது வெயில் மண்டையைப் பிளக்கிறது. அண்ணன் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போகிற வழியில் முன்பக்கத்தில் மூட்டையை வைத்துவிட்டுப் போய்விடுவான், பின்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. முதல் தடவை கைக்குட்டை அகலத்துக்கு ஒரு வட்டம். ரத்தம். வெந்நீர் பட்டால் நூலோடு நூலாகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் அலசிப் பெராக்சைடு விட்டால் நுரைத்துக்கொண்டு கிளம்பிவிடும். கிளம்பியது. பிறகு வட்டம் பெரிதானது. அப்புறம் ரத்தம் மட்டுமாக இல்லாமல், இறைச்சி கழுவின தண்ணீர் போல ஒன்று, காய்ந்த இடத்தில் மஞ்சளும் ஓரத்தில் கறுப்புமாக வந்தது.

அண்ணிக்கு மாதத் தூரம் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. நின்றபோது அண்ணியே சமையலறையில் வைத்து, "விட்டதுடி சனியன்! இனி உனக்கும் வேலை மிச்சம்" என்று சிரித்தாள். அது கறைக்காரிக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்தும் பெராக்சைடு பாட்டிலைத்தான் திறந்தாள். மூலநோயாக இருக்கும் என்று ஒரு தடவை நினைத்தாள். அண்ணனுக்கு ஏதாவது இருக்கும் என்று இன்னொரு தடவை. கேட்டால் அண்ணி கூனிக்குறுகிப் போவாள் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். உண்மை வேறு. அந்த நாற்றத்தைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் கூசியது. வெளுத்து, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்பு நலுங்காமல் காகிதம் சுற்றித் திருப்பி அனுப்பினாள். வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது.

அன்றைய விரிப்பு தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் போன் செய்தான்.

"பாப்பா, உங்க அண்ணி பாத்ரூம்ல விழுந்துட்டா. ஒரே ரத்தம்... நீ வாயேன். என்னால அதப் பாக்க முடியல."

அவள் போனபோது அண்ணி பாத்ரூம் சுவரில் சாய்ந்து, நைட்டியைக் கால்களுக்கு நடுவே சுருட்டி அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஹாலில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றான். சோப்புக்கே சோப்பு போடுகிற ஆள் அவன். கடையில் நாள் முழுக்கக் கண்ணாடி துடைத்துத் துடைத்து, வீட்டிலும் கதவுக் கைப்பிடியைத் துடைக்காமல் தொடமாட்டான். அந்த நிமிஷம் கறைக்காரிக்கு ரத்தத்தைவிட அந்தக் கைக்குட்டைதான் அருவருப்பாக இருந்தது. நான்காக மடித்து இஸ்திரி போட்ட கைக்குட்டை, அவள் கடையில் போட்டது.

ஆஸ்பத்திரியில் உள்ளே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பிறகு இன்னொரு இடத்திலும் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். எல்லாம் முடிந்து ஒரு நாள் மூன்று பேரையும் உட்காரவைத்து டாக்டரம்மா பேசினாள். தூக்கம் போதாத கண்கள், மேஜையில் ஆறிப்போன டீ. இரண்டு கையையும் கூட்டித் தலைகீழாகத் தொங்கும் பை மாதிரி பிடித்துக் காட்டினாள்.

"இதுதான் கர்ப்பப்பைன்னு வெச்சுக்கங்க. கீழ இருக்கிறது அதோட வாய். முதல்ல உள்ள சுரண்டி எடுத்தோம்ல, அதுல புத்துநோய் அணு இருந்துச்சு. அதனால பையோட உள்தோல்லயே வந்ததுன்னு நெனச்சோம். ஆனா வாயிலயும் கட்டி இருக்கு. எடுத்துப் பாத்தா ரெண்டும் ஒரே ஜாதி. அதாவது, வாயில ஆரம்பிச்சு, மேல ஏறி, உள்தோல் பூரா படந்திருக்கு. பெரும்பாலும் பக்கவாட்டுலதான் பரவும். சிலபேருக்கு இப்படி மேல ஏறும்."

"எடுத்து வெளிய போட்டுடுங்க டாக்டர்," என்றான் அண்ணன். "இனிமே அது எதுக்கு?"

சமையலறைத் தொட்டியில் அடைத்துக்கொண்ட எச்சிலைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னான். அண்ணி மடியில் இருந்த கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"உள்தோல்லயே ஆரம்பிச்சதுன்னா அதுதான் வழி. எங்க ஆரம்பிச்சதுங்கிறத வெச்சுதான் வைத்தியம். இவங்களுக்கு வாயில ஆரம்பிச்சிருக்கு, கட்டியும் பெருசு. கத்தி வெச்சுப் பிரயோஜனம் இல்ல. கதிர்வீச்சு குடுக்கணும், கூடவே மருந்து ஏத்தணும். வாரக்கணக்குல தினமும் வரணும். கடைசியில உள்ளயே வெச்சுக் குடுக்கிற கதிர்வீச்சும் இருக்கு. குணமாகிற வாய்ப்பு நல்லாவே இருக்கு. ஆனா நடுவுல விட்டுட்டா அவ்வளவும் வீண்." டாக்டரம்மா அண்ணியின் பக்கம் திரும்பினாள். "எவ்வளவு நாளா ரத்தம் படுது?"

"இப்பதான், கொஞ்ச நாளா," என்று அண்ணன் முந்திக்கொண்டான். "டாக்டர், இது ஒட்டுமா?"

"புத்துநோய் ஒட்டாதுங்க."

அப்படியும் அவன் நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டான். அந்த நாற்காலிக் கால் தரையில் இழுபட்ட சத்தம் கறைக்காரியின் பல்லில் கூசியது. மழைக்கு முன்னாலிருந்தே ரத்தம் படுகிறது டாக்டர், அத்தனை விரிப்பையும் நான்தான் வெளுத்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. வந்தவர்கள் வாயைக் கிண்டாமல் இருந்து பழகியவளுக்குத் தன் வாயையும் திறக்க முடியவில்லை. வெளியே நடைபாதைக்கு வந்து, குழாயடியில் கையைக் கழுவினாள். எதையும் தொடவே இல்லை, இருந்தும் முழங்கை வரை கழுவினாள்.

சிகிச்சை தொடங்குவதற்கு முந்தின நாள் மதியம் அண்ணன் கடைக்கே வந்தான். பின்பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை. பாட்டில்களைத் தொட்டுவிடாமல் ஒடுங்கி நின்றான். "உங்க அண்ணி வரமாட்டேங்கிறா. நீ சொன்னா கேப்பா. வந்து பேசு பாப்பா. எனக்கு அந்த விஷயமெல்லாம் பேசத் தெரியாது."

அந்த விஷயமாம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள்.

அண்ணன் வீட்டு முன்னறையில் ஒரு காலத்தில் காலடி வைக்க இடமிருக்காது. அண்ணி அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பாள். இப்போது சின்ன நாற்காலிகளை அடுக்கி மூலையில் வைத்திருந்தார்கள். "டீச்சர், என்ன ஸ்மெல்லு?" என்று ஒரு பொடிசு கேட்ட அன்றைக்கே அண்ணன் எல்லாரையும் அனுப்பிவிட்டானாம். அண்ணியையும் பின்னால், பழைய சாமான் போடுகிற அறைக்கு மாற்றியிருந்தான். காற்று நன்றாக வரும் என்று காரணம் சொன்னான். ஜன்னலே கையகலம். கதவுப் பக்கத்தில் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று என்று ஸ்பிரே டப்பாக்கள்.  வாயால் மூச்சுவிட ஆரம்பித்த கறைக்காரி, அண்ணி தன் வாயையே பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டாள்.

"திறந்தே விடு. எனக்கே தாங்கல. எம் மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு, உனக்கு இல்லாம இருக்குமா," என்றாள் அண்ணி.

"நாளைக்குப் போகணும் அண்ணி."

"போகல."

"டாக்டரு என்ன சொன்னாங்கன்னு கேட்டீங்கல்ல? குணமாயிடும்னு சொன்னாங்க."

அண்ணி கட்டிலில் விரித்திருந்த விரிப்பைத் தடவினாள். கறைக்காரி வெளுத்தது. மடிப்புக் கோடுகூட இன்னும் போகவில்லை.

"இதெல்லாம் உன் கடைக்கு அனுப்பினது யாருன்னு நெனச்ச?"

"அண்ணன்தான் கொண்டாந்து வெப்பாரு."

"தூக்கினது அவரு. குப்பையில போடு, புதுசு வாங்கிக்கலாம்னாரு ஒவ்வொரு தடவையும். நான்தான் உன் கடைக்கே குடுங்கன்னு பிடிவாதம் புடிச்சேன்." அண்ணி நிமிரவில்லை. "எனக்குச் சொல்ல வாய் வரல. உனக்குத்தான் கறையப் பாத்தாலே எல்லாம் தெரியுமே. பாத்துட்டு நீ அடிச்சுப் புடிச்சு ஓடி வருவேன்னு நெனச்சேன். மூட்டை போன அன்னிக்கெல்லாம் வாசல்லயே நின்னுக்கிட்டிருப்பேன். நீ வரல. விரிப்புதான் வந்துச்சு, வெள்ள வெளேர்னு. சரி, மூடிக்கிட்டுக் கெடன்னுதான் நீயும் சொல்றேன்னு எடுத்துக்கிட்டேன்."

 எத்தனை கறையைப் பார்த்தவள் கறைக்காரி, எத்தனை நாற்றத்தில் கையை விட்டவள். தன் கைகளைப் பார்த்து அதுவரை இவ்வளவு குமட்டியதில்லை. பெராக்சைடில் வெளுத்துச் சுருங்கிய விரல்கள், நகத்தின் இடுக்கில்கூட ஒரு பொட்டு அழுக்கு இல்லை. ஒரு மனுஷி கத்திக் கூப்பிட்டிருக்கிறாள். அதை அலசி, பிழிந்து, நீலம் போட்டு மடித்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்த கைகள் அவை. மன்னிச்சுக்கங்க என்று சொன்னால் அதுவும் ஒரு ஸ்பிரே மாதிரிதான் இருக்கும் என்று தோன்றியது. அதனால் சொல்லவில்லை. கட்டிலில் அண்ணியை ஒட்டி உட்கார்ந்து, மூக்கால் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"எப்ப ஆரம்பிச்சது அண்ணி?"

"இப்பக் கேட்டு என்ன?"

"கேக்கிறேன். சொல்லுங்க. மொத மொத எப்படிப் பட்டுச்சு? வலிச்சுதா? கட்டி கட்டியா வருதா, தண்ணியா வருதா? நாத்தம் எப்பலருந்து?"

குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. ஹாலில் அண்ணன் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அவளும் குரலைக் கூட்டிக்கொண்டு, அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். அண்ணி முதலில் தலையை ஆட்டினாள், பிறகு ஒரு வார்த்தை சொன்னாள், பிறகு அடுத்தது. குளிக்கும்போது முதலில் ஒரு கோடு இறங்கியது, உட்கார்ந்து பாடம் சொல்ல முடியாமல் நின்றுகொண்டே சொன்னது, பழைய துணியைக் கிழித்து வைத்துக்கொண்டு அதையும் பாத்ரூம் ஜன்னலில் ஒளித்தது, தன் வாடை தனக்கே தெரிந்துவிடாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தது எல்லாம் வந்தது. சொல்லி முடித்தபோது அண்ணிக்கு நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. டிவியில் யாரோ எதற்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு வர்றேன்," என்றாள் அண்ணி. "நீ கேட்டதுக்காக. மறுநாள் வருவேனான்னு சொல்ல முடியாது. இந்த வீட்ல இதுக்குப் பேரே இல்லை. 'அது', 'அந்த விஷயம்'. பேரில்லாத ஒண்ணுக்காகத் தினமும் போய் ஆளாளுக்கு முன்னால படுத்துக் கெடந்துட்டு, திரும்ப இந்த அறைக்கு வர என்னால ஆகாது. உங்க அண்ணன் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லட்டும். அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் காலை அண்ணன் காரை வாசலுக்குக் கொண்டுவந்தான். வெளிர் நிறச் சீட்டுள்ள கார், வாங்கிய நாளிலிருந்து ஒரு பிஸ்கட் தூள் விழ விட்டதில்லை. கதவைத் திறந்தால் பின் சீட்டில் செய்தித்தாள். ஒன்றன்மேல் ஒன்றாகத் தடிமனாகப் பரப்பி, ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்தான். நாய்க்குட்டியைக் கொண்டுபோகிறவர்கள்கூட ஒரு பழந்துணியைப் போடுவார்கள். அண்ணி அதைப் பார்த்துவிட்டு உட்காரக் குனிந்தாள். கறைக்காரி அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, டேப்பைப் பிய்த்து, காகிதம் மொத்தத்தையும் கசக்கி வாசலிலேயே எறிந்தாள்.

"பாப்பா! சீட்டு..."

"தெரியுது. வண்டிய எடு."

அன்றைய சிகிச்சை அண்ணி பயந்த அளவுக்கு இல்லை. பெரிய இயந்திரத்துக்கு அடியில் அசையாமல் படுத்திருந்தாள், வெளியே வந்தாள். மருந்து ஏற்றியபோதுதான் களைத்துப்போனாள். "நாளைக்கும் இதே நேரம் வந்துடுங்கம்மா" என்று நர்ஸ் சொன்னதற்கு அண்ணி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. திரும்பும்போது அண்ணன் நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டினான். அனல் காற்று முகத்தில் அடித்தது. அண்ணி கறைக்காரியின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

வீட்டு வாசலில் அண்ணி இறங்கியதும் தெரிந்தது. வெளிர்ச் சீட்டில் உள்ளங்கை அகலத்துக்கு, ஈரம் மினுங்க, சிவப்பாக ஒரு வட்டம். அண்ணியும் பார்த்துவிட்டாள். முகம் செத்துப்போனது. கைப்பையால் பின்புறத்தை மறைத்துப் பிடித்துக்கொண்டு வேகமாகப் படியேறினாள், ஆனால் உள்ளே போகவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

அண்ணன் சுற்றி வந்து பின்கதவு வழியாகக் குனிந்து பார்த்தான். கைக்குட்டை தானாகவே மூக்குக்குப் போனது.

"பாப்பா, இது போயிடும்ல?"

கறைக்காரி அதற்குள் வாசல் குழாயில் வாளியை நிரப்பியிருந்தாள். பையில் பிரஷ் எப்போதும் இருக்கும். வாளியைக் கார் கதவருகே கொண்டுவந்து வைத்தாள்.

"போயிடும். ஈரமா இருக்கிறப்பவே பச்சத்தண்ணி விட்டாச் சுலபமாப் போயிடும். காஞ்சுட்டாத்தான் கஷ்டம்."

"அப்ப சீக்கிரம் பண்ணேன்."

அவள் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள். இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் கேட்காததை அவனிடம் கேட்டாள்.

"என்ன கறை இது?"

"என்னது?"

"என்ன கறைன்னு கேட்டேன். சொல்லு, எடுத்துடறேன்."

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீ சொல்லு. யாரோடது, எங்கருந்து வருது, அவங்களுக்கு என்ன நோய். கைக்குட்டைய எடுத்துட்டுச் சொல்லு."

அண்ணன் தெருவைப் பார்த்தான். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தான். படியில் நிற்கிற அண்ணியை மட்டும் பார்க்கவில்லை. கைக்குட்டை மூக்கிலிருந்து உதடு வரை இறங்கி அங்கேயே நின்றது.

"அது..."

"அது இல்ல."

திறந்த கதவு வழியாக வெயில் நேராகச் சீட்டில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணி நிலையிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு படி கீழே இறங்கி நின்றாள். அண்ணனின் வாய் திறந்தது, மூடியது, திரும்பத் திறந்தது. வாளியில் தண்ணீர் தளும்பி அடங்கியிருந்தது. சீட்டில் சிவப்பின் மினுமினுப்பு மெல்லப் போய்க்கொண்டிருந்தது, ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று விழத் தொடங்கியது. கறைக்காரி பிரஷ்ஷை நனைக்காமல் காத்திருந்தாள்.